வீட்டுத் தோட்டத் தக்காளிப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே பருவத்தில் தக்காளி வளர்த்து, கடைசியில் ஒரு நாள் கூடி, எடை போட்டு, ருசி பார்த்துக் கலைவதுதான் இந்தப் போட்டி. எடை மேசையில் நோட்டும் கையுமாக உட்காருவது என் வேலை. ஒவ்வொரு பருவமும் அதே சந்தேகங்கள் புதுப்புது ஆட்களிடமிருந்து வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். நீங்கள் தனியாக ஒரு போட்டி நடத்துவதாக இருந்தாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான் தக்காளிச் செடியே வளர்த்ததில்லை. கலந்துக்கலாமா?

தாராளமாக. விதைத்த 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். 25, 30 நாளில் நாற்றை எடுத்து நடலாம். நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பழம் கையில் இருக்கும். நடுவில் ஏதாவது தவறினாலும், என்ன தவறியது என்று செடியே இலையிலும் காயிலும் காட்டிவிடும்.

முதல்முறை வைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வைக்கிற செடிகளில் ஒன்றாவது செர்ரி தக்காளியாக இருக்கட்டும். கொத்துக் கொத்தாகப் பூக்கும், காய் சின்னது என்பதால் சீக்கிரம் பழுக்கும், கொஞ்சம் முன்னே பின்னே கவனித்தாலும் வெறுங்கையோடு அனுப்பாது.

போட்டின்னா என்ன? ஒரே ஒரு தக்காளி கொண்டு வந்தா போதுமா?

போதும். நாங்கள் மூன்று பிரிவு வைத்திருக்கிறோம்: எடை மிகுந்த ஒற்றைப் பழம், ஒரே செடியின் மொத்த மகசூல், ருசி. ஒருவர் மூன்றிலும் கலந்துகொள்ளலாம், ஒன்றில் மட்டும் நிற்கலாம்.

மூன்று பிரிவு வைத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய பழத்துக்கு மட்டும் பரிசு என்றால் எல்லோரும் ஒரே மாதிரி ரகத்தின் பின்னால் ஓடுவார்கள். சின்னப் பழம் வளர்ப்பவர், இரண்டே தொட்டி வைத்திருப்பவர் எல்லாம் ஒதுங்கிவிடுவார்கள். ருசி என்ற பிரிவு வந்த பிறகுதான் 15 கிராம் பழத்தைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு தைரியமாக வருகிறார்கள்.

எல்லாரும் ஒரே விதையைத்தான் போடணுமா?

இரண்டு வழியும் உண்டு. ஒரே பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தால், வித்தியாசம் முழுக்க வளர்ப்பில்தான் வரும். ஒரே விதை ஒருவர் வீட்டில் இடுப்பு உயரமும் இன்னொருவர் வீட்டில் தலைக்கு மேலும் போவதைப் பார்க்கும்போது, வெயிலும் தொட்டி அளவும் என்ன செய்கின்றன என்று கண்ணெதிரே விளங்கும். அவரவர் விருப்ப விதை என்றால் வகை வகையாகப் பழம் வரும், ருசி மேசை களைகட்டும்.

எனக்குப் பிடித்தது கலப்பு முறை. மகசூல் பிரிவுக்கு எல்லோருக்கும் ஒரே விதை, மற்ற இரண்டுக்கும் விருப்ப விதை. எதுவானாலும் விதை போடுவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். விதை முளைத்த பிறகு விதியை மாற்றினால் யாராவது ஒருவருக்கு மனசு கசக்கும்.

எப்போ விதைச்சா போட்டி நாளைக்குப் பழம் இருக்கும்?

போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரிய ரகத்தில் பூ காயாகிப் பழுக்க 45 முதல் 55 நாள் ஆகும். நட்டதிலிருந்து நல்ல பூ வர ஏறக்குறைய ஒரு மாதம். நாற்றங்கால் ஒரு மாதம். ஆக மொத்தம் நான்கு மாதம் கையில் வேண்டும். செர்ரி ரகத்துக்கு மூன்று மாதம் போதும்.

இங்கே பலர் ஏமாறுவது விதைப் பாக்கெட்டில். ‘70 நாளில் பழம்’ என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணிய கணக்கு. விதைத்த நாளிலிருந்து எண்ணி வைத்துவிட்டு, போட்டிக்குப் பச்சைக் காயோடு வருவார்கள். இடம் இருந்தால் 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை விதையுங்கள். ஒரு செடி முந்தினாலும் மற்றது கைகொடுக்கும்.

பால்கனியில ரெண்டு தொட்டிதான் வைக்க முடியும். தோட்டம் வச்சிருக்கிறவங்களோட போட்டி போட முடியுமா?

ஒற்றைப் பழத்திலும் ருசியிலும் முடியும். மொத்த மகசூலில் கொஞ்சம் சிரமம். அதனால் தொட்டிச் செடிக்கும் தரையில் நட்ட செடிக்கும் தனித்தனிப் பட்டியல் வைப்பது நியாயம்.

தொட்டியில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று அளவு: உயரமாகப் போகும் ரகத்துக்கு 20 லிட்டர் மண்கலவை பிடிக்கும் தொட்டியோ வளர்ப்புப் பையோ வேண்டும், குட்டை ரகத்துக்கு 10 லிட்டர் போதும். ஒரு தொட்டிக்கு ஒரே செடி. இரண்டு வைத்தால் இரண்டும் அரைவயிறுதான். இன்னொன்று வெயில்: குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில். நிழலில் செடி உயரமாக வளரும், பார்க்கப் பச்சையாக இருக்கும், காய் மட்டும் வராது.

இலை இலையா வருது. இவ்வளவு உரம் போட்டும் ஏன் பூவே இல்லை?

அந்த உரத்தால்தான். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி தண்டையும் இலையையும் பெருக்கிக்கொண்டே போகும், பூக்க அவசரப்படாது. மொட்டு தெரியும் வரைக்கும்தான் தழைச்சத்து. பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரத்துக்கு மாறுங்கள், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக.

பூவா பூத்துக் கொட்டுது. ஒண்ணுகூடக் காயா நிக்கலை. என்ன பண்றது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பகலில் 32, 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் கெட்டுப்போகும். பூ, காம்பில் கணு மாதிரி புடைத்திருக்கும் முட்டியிலேயே மஞ்சளாகி உதிரும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதை. உச்சி வெயிலில் நிழல்வலை கட்டலாம், மண்ணின் மேல் வைக்கோல், சருகு பரப்பி மூடாக்கு போடலாம். மற்றபடி காலம் மாறும் வரை செடியை உயிரோடு வைத்திருப்பதே வேலை. கொட்டியது போனாலும் அடுத்த கொத்து வரும்.

வெப்பம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் மகரந்தச் சேர்க்கையைப் பாருங்கள். தக்காளிப் பூவுக்கு இன்னொரு பூ தேவையில்லை, ஆணும் பெண்ணும் ஒரே பூவில். ஆனால் மகரந்தம் நடுவிலுள்ள மஞ்சள் குழலுக்குள் அடைபட்டிருக்கும். அதிர்வு கொடுத்தால்தான் உப்புத்தூள் மாதிரி உதிரும். திறந்த வெளியில் காற்றும் வண்டும் அதைச் செய்யும். காற்றே வராத பால்கனியில் நாம்தான் செய்ய வேண்டும்.

காலை பத்து மணிக்கு மேல், பனி ஈரம் காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மின் பல்துலக்கி இருந்தால் அதன் பின்பக்கத்தைக் காம்பில் இரண்டு நொடி வைத்தால் போதும். கறுப்புத் துணி ஒன்றைப் பூவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தட்டிப் பாருங்கள், மஞ்சள் தூள் விழுவது தெரியும். அது விழுந்தால் வேலை நடக்கிறது.

பக்கக்கிளையை ஒடிக்கணுமா வேண்டாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கொரு ரகம் வைத்திருக்கிறார்கள், அதனால்தான். குட்டை ரகம் ஓர் உயரத்தோடு நின்று, கிளைகளில்தான் பெரும்பாலும் காய்க்கும். அதில் கிளையை ஒடித்தால் மகசூலை ஒடித்த மாதிரி. கொடி மாதிரி போய்க்கொண்டே இருக்கும் உயர ரகத்தில், இலைக் கவட்டில் முளைக்கும் கிளைகளை விரல் நீளத்துக்குள் இருக்கும்போதே கிள்ளிவிடலாம்.

அதிலும் பிரிவு பார்த்துச் செய்யுங்கள். பெரிய பழம் வேண்டும் என்றால் ஒரே தண்டு. மொத்த மகசூல் வேண்டும் என்றால் முதல் பூங்கொத்துக்கு நேர்கீழே வரும் கிளையை விட்டுவிட்டு இரண்டு தண்டாக வளருங்கள். ஈரமான இலையோடு கிள்ள வேண்டாம், காயத்தில் நோய் ஏறும்.

பெரிய பழத்துக்கு என்ன ரகசியம்? நீங்க பார்த்ததைச் சொல்லுங்க.

ரகம் பாதி வேலையை முடித்துவிடும். பெரிய சதைப்பற்றான ரகம் வைக்காமல் 600 கிராம் எதிர்பார்க்க முடியாது. மீதிப் பாதி, பூவைப் பார்ப்பதில் இருக்கிறது. பெரிய ரகச் செடியில் முதல் கொத்துகளில் சில பூக்கள் வழக்கத்தைவிட அகலமாக, இதழ் எண்ணிக்கை கூடி, நடுவில் சூல்முடி ஒரு கோடு மாதிரி நீண்டிருக்கும். இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்தது அது. பலர் ஊனப் பூ என்று கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளாதீர்கள்! பெரும் பழங்கள் அதிலிருந்துதான் வருகின்றன. அது பிஞ்சு பிடித்ததும் அதே கொத்தில் உள்ள மற்றவற்றையும், செடியில் வேறு காய்களையும் எடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று காயோடு நிறுத்துங்கள். காய் கனத்தால் கொத்துக் காம்பு மடங்கும். பழைய துணியால் ஏணை மாதிரி கட்டித் தாங்கிவிடுங்கள்.

உலக அளவில் இது எங்கே போயிருக்கிறது என்று கேட்பவர்களுக்காக: 1986-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் விளைந்த 3.51 கிலோ பழம் 28 ஆண்டு சாதனையாக நின்றது. 2014-இல் மினசோட்டாவில் 3.81 கிலோ பழம் அதைத் தாண்டியது. அதன் பிறகு 4 கிலோவையும் கடந்துவிட்டார்கள். நம் மேசையில் அரைக் கிலோ தாண்டினாலே எல்லோரும் எழுந்து வந்து பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதும்தான்.

காயோட அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அமுங்கிப் போகுது. பூச்சியா?

பூச்சியும் இல்லை, தொற்றும் இல்லை. நுனி அழுகல். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும், தண்ணீரோடு சேர்ந்துதான் அது மேலே ஏறும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் வழியில் தடைபடும். போகிற கொஞ்சத்தையும் இலைகள் இழுத்துக்கொள்ளும். நீள வடிவக் காய்களிலும் முதல் காய்ப்பிலும்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், நிற்கவில்லை என்பார்கள். ஓடு மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. தினமும் ஒரே நேரம், ஒரே அளவு தண்ணீர், மேலே மூடாக்கு, தழைச்சத்தைக் குறைப்பது. இவ்வளவுதான் மருந்து. கறுத்த காய் தேறாது, பறித்துவிட்டால் அடுத்தவற்றுக்குத் தெம்பு போகும்.

பழுக்கிற நேரம் பார்த்து வெடிச்சிடுது. வெடிச்ச பழம் போட்டிக்குச் செல்லுமா?

வெடிப்புக்கும் காரணம் முந்தைய பதிலில் சொன்ன அதே ஏறுமாறான தண்ணீர்தான். காய்ந்து கிடந்த வேர் திடீரென்று நிறையக் குடித்தால் உள்ளே சதை உப்பும், பழுக்கும் தோல் அதற்கு ஈடுகொடுத்து விரியாது. பலத்த மழை வரும்போல இருந்தால், நிறம் திரும்பிய பழங்களை முன்கூட்டியே பறித்துவிடுவது நல்லது.

எங்கள் விதி: காய்ந்து ஆறிய தழும்பு செல்லும். சாறு கசிகிற, பூஞ்சணம் பிடித்த வெடிப்பு ஒற்றைப் பழத்திலும் ருசியிலும் செல்லாது. மகசூல் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், செடி விளைவித்ததுதானே.

போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, காய் பச்சையாவே இருக்கு. பறிச்சு வச்சுப் பழுக்க வைக்கலாமா?

காயின் நுனியைப் பாருங்கள். அங்கே லேசாக இளஞ்சிவப்போ மஞ்சளோ திரும்பியிருந்தால் பறிக்கலாம். அந்தக் கட்டத்துக்கு மேல் செடியில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் ருசி பெரிதாக மாறாது. முழுப் பச்சை என்றால் செடியிலேயே விடுங்கள். பறித்தால் நிறம் வரலாம், ருசி வராது. ஒற்றைப் பழப் பிரிவுக்கு நிறமே கட்டாயமில்லை, பச்சையாகவும் எடை போடுகிறோம்.

பறித்ததை 20, 25 டிகிரி உள்ள அறையில், காம்புப் பக்கம் கீழாக, ஒன்றோடொன்று இடிக்காமல் வையுங்கள். ஜன்னல் வெயில் வேண்டாம். பழுக்க வெளிச்சம் தேவையில்லை, 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமும் சரியாகக் கூடாது. அவசரம் என்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு மூடுங்கள், அது விடும் எத்திலீன் வாயு தூண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே தக்காளியின் மணம் அடங்கிவிடும். பெட்டியிலிருந்து எடுத்து நேராக ருசி மேசைக்கு வந்த பழத்தை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எடை போடும்போது காம்போடவா, காம்பு இல்லாமலா?

பச்சைப் புல்லிவட்டம் இருக்கலாம், காம்பு அதன் முட்டி இருக்கும் இடத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக எழுதக் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு பருவம் இதை நாங்கள் எழுதிவைக்கவில்லை. இரண்டு பேரின் பழத்துக்கும் 4 கிராம்தான் வித்தியாசம். ஜெயித்த பழத்தில் கட்டை விரல் நீளத்துக்குக் காம்பு. அதைக் கிள்ளி எடுத்து மறுபடி வைத்தபோது முடிவு தலைகீழானது. கிள்ளச் சொன்னது சரியா தவறா என்று கேட்டபோது காட்டுவதற்கு எந்தத் தாளும் என்னிடம் இல்லை. அந்த இருவரும் அன்று மாலை பேசாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம். விதை போடும் முன்பே எழுதுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

மற்ற ஏற்பாடு எளிது. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஒன்றே ஒன்று. சமமான மேசை, மின்விசிறி அணைத்திருக்க வேண்டும். தொடங்கும்போது எடை தெரிந்த எடைக்கல்லை வைத்து எல்லோர் முன்னாலும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பழத்தையும் இரண்டு முறை எடுத்து வைத்துப் படிப்போம். இரண்டும் ஒத்தால்தான் நோட்டில் ஏறும். இரண்டு பழம் சமமாக வந்தால் நூல் சுற்றிச் சுற்றளவு பார்ப்போம், அதுவும் சமம் என்றால் இருவருக்கும் முதலிடம்.

மகசூலை அவங்கவங்க வீட்டுலயே எழுதறோம். யாராவது கூட்டி எழுதினா என்ன பண்ணுவீங்க?

இத்தனை பருவத்தில் அந்தப் பேச்சு எழுந்ததில்லை. எழாமல் இருக்க ஒரு சின்ன ஏற்பாடு: பறிக்கிற அன்றே, தராசில் பழமும் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம், கூடவே செடியின் படம். இதை எல்லோரும் அனுப்பினால் யாரையும் தனியாகச் சந்தேகப்பட வேண்டியிருக்காது. முதல் பழத்திலிருந்து போட்டி நாள் வரை பறித்தது மட்டும் கணக்கு. கடைசி நாளில் செடியில் தொங்கும் பச்சைக் காய் சேராது.

ருசிக்கு எப்படி மார்க் போடறது? ஒருத்தர் நாக்கு மாதிரி ஒருத்தர் நாக்கு இருக்காதே.

இருக்காதுதான். அதனால் ஒரு நடுவர் போதாது, வந்திருக்கும் எல்லோருமே நடுவர்கள். பழங்களை ஒரே அளவில் நறுக்கி, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்ட தட்டில் வைப்போம். உப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு வாய்த் தண்ணீர். இனிப்பு, புளிப்பு, மணம், தோலின் தடிமன் நான்குக்கும் ஐந்துக்கு இத்தனை என்று தனித்தனி மதிப்பெண். எல்லோரும் ஒன்றாம் எண்ணிலிருந்தே தொடங்கினால் அதற்கு ஒரு தனிச் சலுகை கிடைத்துவிடும், அதனால் ஆளுக்கொரு எண்ணிலிருந்து தொடங்கச் சொல்வோம்.

சாறின் சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மானி இருந்தால் ஒரு துளி விட்டுப் பார்ப்பது சுவாரசியம். சாதாரணத் தக்காளி 4 முதல் 6 காட்டும், நல்ல செர்ரி ரகம் 8, 9 வரை போகும். ஆனால் அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. இனிப்போடு புளிப்பு சேராவிட்டால் தக்காளி சப்பென்றுதான் இருக்கும். ருசிக்காக வளர்ப்பவர்கள் பழம் திரும்பத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள், சர்க்கரை செறியும், எடை சற்றுக் குறையும். திடீரென்று நிறுத்தி மறுபடி ஊற்றினால் மேலே சொன்ன வெடிப்பு வந்துவிடும்.

ரெண்டு பழம் ஒட்டிப் பிறந்திருக்கு. அது ஒண்ணா, ரெண்டா?

காம்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரே காம்பு, ஒரே புல்லிவட்டம் என்றால் ஒரு பழம், எத்தனை மடிப்பு இருந்தாலும் சரி. பெரிய பழத்துக்கான பதிலில் சொன்ன ஒட்டுப்பூவிலிருந்து வருவது இதுதான். தனித்தனிக் காம்பில் வளர்ந்து தோல் ஒட்டிக்கொண்டது என்றால் இரண்டு.

ஒட்டுச்செடி வைக்கலாமா? அது ஏமாத்துற மாதிரி ஆகாதா?

ஏமாற்றில்லை, அது கைத்திறன். கத்தரி அல்லது சுண்டையின் வேரில் தக்காளியை ஒட்டினால் மண்வழி வரும் வாடல் நோயையும் நீர் தேங்குவதையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரே விதை கொடுத்து நடத்தும் பிரிவில் அதை அனுமதிக்க மாட்டோம், அங்கே எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். விருப்ப விதைப் பிரிவுகளில் ஒட்டுச்செடி என்று சொல்லிவிட்டு வைக்கலாம். வேர்ச்செடி எது என்பதையும் சொன்னால் மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்த செடி, இன்னிக்குத் தொங்கிடுச்சு. தண்ணி ஊத்தியும் நிமிரலை.

பச்சை மாறாமலே ஒரேயடியாகத் தொங்கினால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். வீட்டிலேயே பார்த்துவிடலாம். தரையை ஒட்டித் தண்டை அறுத்து, விரல் நீளத் துண்டைக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், அடிமுனை மட்டும் நனைந்தால் போதும். அசைக்காமல் சில நிமிடம் பாருங்கள். அறுத்த வாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாகக் கீழே இறங்கினால் அதுதான். அந்தச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் அடுத்து வைக்காதீர்கள். நூல் இறங்காமல், கீழ் இலையிலிருந்து ஒரு பக்கமாக மஞ்சளாகி வாடியிருந்தால் பூஞ்சண வாடலாக இருக்கும். இரண்டிலும் செடி மீளாது.

செடியை இழந்தவரைப் போட்டியிலிருந்து நீக்க மாட்டோம். அதுவரை பறித்த எடை அவர் கணக்கில் நிற்கும். மாற்று நாற்று யாரிடமாவது உபரியாக இருந்தால் கேட்டு வாங்கித் தருவோம். ஒவ்வொருவரும் இரண்டு நாற்று அதிகமாகப் போட்டுவையுங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

எல்லார் தோட்டத்தையும் சுத்திப் பார்க்கப் போறோம்னு சொன்னீங்க. என் செடியில இலைச்சுருட்டு இருக்கு. வரலாமா, வரச் சொல்லலாமா?

முதலில் அது நோய்தானா என்று பாருங்கள். வெயில் கடுமையான நாளில் கீழ் இலைகள் பச்சை மாறாமல் மேல்நோக்கிச் சுருளும், அது நோயல்ல. நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் மாதிரி மேலே மடங்கி, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. இலையின் அடியில் தட்டினால் வெள்ளைப் பொடி பறந்த மாதிரி எழும். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்திய பிறகு எல்லோரையும் கூப்பிடுங்கள். பழம் இருந்தால் சாப்பிட எந்தத் தடையும் இல்லை, போட்டிக்கும் கொண்டு வரலாம். செடியைக் கொண்டு வர வேண்டாம்.

சுற்றிப் பார்க்கும்போது எங்கள் வழக்கம் இது: உள்ளே போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வீட்டுக்காரர் சொல்லாமல் இலையைத் தொடக்கூடாது. தேமல் வைரஸ் கையிலேயே ஒட்டிக்கொண்டு செடிக்குச் செடி போகும். புகையிலைத் தூளிலிருந்தும் வரும் என்பதால், புகைப்பவர்கள் கட்டாயம் கழுவ வேண்டும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பெரிய பழத்தை அணில் பாதி தின்னுடுச்சு. மீதியை எடை போடுவீங்களா?

மகசூலில் மீதி எடையைச் சேர்ப்போம். ஒற்றைப் பழத்தில் முடியாது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் இல்லாத பாதியின் எடையை ஊகித்து எழுத முடியாது. நிறம் திரும்பும் முன்பே ஒரு வலைப் பையோ மெல்லிய துணிப் பையோ பழத்துக்கு மாட்டி, காம்பில் கட்டிவிடுங்கள். காய்ப்புழுவும் அதில் நுழையாது.

நட்டது நான், தண்ணி ஊத்தினது எங்க அம்மா. பேர் யாருது போடறது?

இருவர் பெயரும். வீட்டுச் செடியை வீட்டார் எல்லோரும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். குழந்தைகள் மட்டும், அவர்களே விதைத்து அவர்களே தண்ணீர் ஊற்றியிருந்தால், தனிப் பெயரில் வரட்டும். ஒரு முறை ஒரு சிறுவன் 38 கிராமில் ஒரே ஒரு பழம் கொண்டு வந்தான், உள்ளங்கையில் மூடிப் பிடித்தபடி. தராசில் வைத்த பிறகும் விரலை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அவன் எடுக்கும் வரை காத்திருந்து எழுதினேன்.

ஜெயிச்ச பழத்தோட விதை கேட்டா கொடுத்துத்தான் ஆகணுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் இதுவரை மறுத்தவர் யாரும் இல்லை. வாங்குபவர் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாட்டு ரகமா, இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு ரகமா? எஃப்1 என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு, அதன் விதையிலிருந்து வரும் செடிகள் தாயை மாதிரி இருக்காது, ஆளுக்கொரு குணம் காட்டும். நாட்டு ரகம் என்றால் பெரும்பாலும் அப்படியே வரும்.

எடுக்கும் முறை: எடை போட்டு, நறுக்கி, ருசி பார்த்த பிறகு விதையைக் கொழகொழப்போடு ஒரு கிண்ணத்தில் வழித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் புளிக்க விடுங்கள். மேலே ஆடை படியும், நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். முளைப்பைத் தடுக்கும் அந்தக் கொழகொழப்பு கரைவதற்காகத்தான் இது. பிறகு நன்றாக அலசி, அடியில் தங்கும் விதையை மட்டும் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததைக் காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயர், ஆண்டு, யார் செடி, எத்தனை கிராம் என்று வெளியே எழுதிவையுங்கள். ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் நான்கு ஆண்டு வரை நன்றாக முளைக்கும்.